ஓரம் விடாத வயல்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிகிற நேரத்தில் தட்டு வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள், கவிழ்த்து வைத்தபடி. நாம் கண்ணை மூடி, மனதுக்குள் சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, ஒன்றை எடுக்கிறோம். விரல் எதில் பட்டதோ அதுவே வரும் ஆண்டுக்குக் கர்த்தர் நமக்கென்று தந்த வார்த்தை. பக்கத்தில் இருப்பவருடைய அட்டையையும் எட்டிப் பார்த்துக்கொள்கிறோம்; அது நம்முடையதைவிடப் பெரிய ஆசீர்வாதமாக இருந்துவிட்டால் லேசாக ஒரு வருத்தம். இந்தப் பழக்கத்தைப் பழிக்க வரவில்லை. சீட்டு விழுவதும் தேவனுடைய கையில்தான் என்று நீதிமொழிகள் 16-ஆம் அதிகாரத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். யூதாசின் இடத்துக்கு மத்தியா வந்ததும் சீட்டுப்போட்டுத்தான். உலகம் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்ற நம்பிக்கை போய்விட்டால் நாம் ஜெபிப்பதற்கே பொருள் இல்லை.

நாம் அறிக்கையிட வேண்டியது, அந்தத் தட்டில் எதை வைத்தோம் என்பதை. சுகம், பலம், திறந்த வாசல், எதிரிகளுக்கு வெட்கம். வாலாக்காமல் தலையாக்கும் உபாகமம் 28-ஆம் அதிகாரத்து வசனம் இல்லாத தட்டே கிடையாது. அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் 14-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி 54-உம் சாபம். சாபத்தை அட்டையாக அடிக்க யாருக்கும் மனம் வராது, அதை விடுங்கள். அறுவடையில் வயலோரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்லும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரக் கட்டளை சாபமில்லையே. அது தட்டில் கிடந்திருந்தால் நம்மில் யார் விரலாவது அதில் பட்டிருக்கும். பட்டுவிடுமோ என்ற பயம்தான் போலும். தேவன் பேச வேண்டும் என்று காத்திருந்தோம். எதைப் பேசலாம் என்பதை அச்சகத்திலேயே தீர்மானித்துவிட்டோம்.

இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1722-இல் மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்த அகதிகள், ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை உண்டாக்கினார்கள். 1728 முதல் அங்கே நாளுக்கொரு வசனம். 1731-க்கு அதைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் அது வருகிறது, இன்றும் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். தொடக்கத்தில் அந்த வசனம் வீடு வீடாக ஆள் மூலம் போயிற்று. கொண்டுபோன சகோதரர் வசனத்தைச் சொன்னதோடு, வீட்டில் இருப்பவர்களின் நிலையையும் விசாரித்துக்கொண்டு வந்தார். நம்மிடமும் வீடு சந்திப்பு என்று ஒன்று இருந்தது. உபதேசியார் சைக்கிளில் வருவார். அடுப்படியைப் பார்த்த மாத்திரத்தில் வீட்டின் நிலை அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது வசனம் விடிவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வந்துவிடுகிறது. அனுப்பினவருக்கு நம் வீட்டில் நேற்று அடுப்பு எரிந்ததா என்று தெரியாது. நாம் தள்ளிவிடுகிற குழுக்களில் இருப்பவர்களைப் பற்றி நமக்கும் தெரியாது.

அடுத்தது சாட்சி நேரம். புறப்படும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, போக வேண்டிய பஸ் போய்விட்டது, அந்த பஸ்தான் வழியில் கவிழ்ந்தது. சபை முழுவதும் அல்லேலூயா. சொன்னவர் பொய் சொல்லவில்லை; அவருடைய நன்றியில் குறையும் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸைத் தவறவிடாதவர்களும் இருந்தார்களே. அவர்கள் வீட்டிலும் அன்று காலை குடும்ப ஜெபம் நடந்திருக்கலாம். அதில் செத்துப்போனவருடைய மனைவி நம் சபையிலேயே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இந்தச் சாட்சியைக் கேட்க நேர்ந்தால் அவள் எங்கே பார்ப்பாள்? நாம் யோசித்ததே இல்லை. தப்பினவர்களுக்கு மைக் கொடுத்தோம். தப்பாதவர்களுக்கு ஆராதனை முறைமையில் ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை. சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் தேறுதல் எதுவும் வராமல் இருளிலேயே முடிந்துபோகிறது. அதைத் தொகுத்து வைத்தவர்கள் சபை கூடும்போது வாசிக்கத்தான் வைத்தார்கள். நாம் வாசித்துக் கேட்டவர்கள் குறைவு.

2004 டிசம்பர் 26-ஐத் தொடாமல் இதைப் பேச முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டில் செத்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். இலங்கையில் 30,000-க்கும் மேல். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர்கள் பலர் கடற்கரையில் இருந்தார்கள், அலை கொண்டுபோயிற்று. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தச் செய்தியைச் சபை வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். மாதா வணக்கத்தை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர்கள்கூட, கோயிலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதை மட்டும் கத்தரித்து எடுத்து, ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வர வேண்டும் என்ற பிரசங்கத்துக்கு உதாரணம் ஆக்கிக்கொண்டார்கள். கரையில் செத்தவர்கள் யார் என்று கேட்டோமா? பூசை கண்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டப் போன தகப்பன்மார், அந்தக் கடலையே நம்பிப் பிழைத்த மீனவர், வலைக்கும் வீட்டுக்கும் நடுவே நின்ற பெண்கள், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். நம் மேடைகளிலேயே சிலர் ஒரு படி மேலே போய், கிறிஸ்துமஸைக் குடித்துக் கொண்டாடினதற்கு வந்த தண்டனை என்றார்கள். நாம் எழுந்து போகவில்லை. ஆமென் சொல்லாமல் இருந்ததையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டோம்.

இதே போன்ற சாவுச் செய்தியை இயேசுவிடம் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். லூக்கா 13-ஆம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி அவர் தாமாகவே பேச்செடுத்து, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டார், இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கோபுரம் ஏன் விழுந்தது என்று விளக்கவில்லை. விழாத இடத்தில் நின்றவர்களைத் தங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இதை நாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்கிறோம். வாசித்த பிறகும் செத்தவர்களின் கணக்கைத்தான் பார்த்தோம்.

நிவாரணம் கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அரிசி போயிற்று, பாய் போயிற்று, வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பிணம் தூக்கினார்கள், வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஆனால் சில முகாம்களில் தலித்துகள் தனியே ஒதுக்கப்பட்டதை, தண்ணீர் எடுக்க விடாமல் தடுக்கப்பட்டதை, மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. எல்லாரையும் ஒரே அலை அடித்ததில் தேவனுடைய பாடம் இருக்கிறது என்று பிரசங்கித்த நாம், அடிபட்டவர்கள் மறுபடி வரிசை பிரிந்து நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நம் கல்லறைத் தோட்டங்களில் சில இடங்களில் இன்னும் சுவர் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர்கள் தற்செயலாக அங்கே பிறந்தார்களா, தேவசித்தமாகப் பிறந்தார்களா என்று நம்மிடம் யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? நம் பத்திரிகைகளின் மணமகன், மணமகள் தேவை பகுதியைப் பாருங்கள். தேவசித்தத்துக்குக் காத்திருப்பதாக ஒரு வரி; சாதிப் பெயரும் உட்பிரிவும் அடுத்த வரி. தேவசித்தத்துக்கே எல்லைக்கல் நட்டிருக்கிறோம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குத் திரும்ப வேண்டும். அலை கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தபோது கரையில் யாருக்கும் தெரியாது. பசிபிக் கடலில் எச்சரிக்கை ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்தது, இந்துமாக்கடலில் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் வேலை தொடங்கியது. நிலநடுக்கத்தைத் தேவனுடைய காரியம் என்றும் எச்சரிக்கை மணியை அரசாங்கத்தின் காரியம் என்றும் நாம் பிரித்து வைத்திருந்தோம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தபோது அதே கதை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கடலோரத்து ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள், உள்ளே இருக்கும் நாம் வேறு சபை. மலைக்கும் கடலுக்கும் இடையே அகலம் குறைந்த அந்த மாவட்டத்தில், சில மைல் தூரத்தில் உடலே இல்லாமல் அடக்க ஆராதனை நடந்தது. நாம் அந்த வாரம் திருவருகைக்கால அலங்காரத்தில் இருந்தோம்.

துக்க வீடுகளில் நாம் என்ன சொன்னோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். எல்லாம் நன்மைக்கே என்றோம். யோசேப்பின் கதையைச் சொன்னோம். சகோதரர் தீமை நினைத்தார்கள், தேவன் அதை நன்மையாக முடித்தார் என்பது ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் வருகிற பெரிய வார்த்தை. அதைச் சொன்னவன் யோசேப்பு, குழியில் கிடந்தவன். 17 வயதில் விற்கப்பட்டவன் பார்வோன் முன்னே நிற்கும்போது வயது 30. பஞ்சத்தின் இரண்டாம் வருஷத்தில், 40-ஐ நெருங்கிய வயதில்தான் தேவனே தன்னை முன்னதாக அனுப்பினார் என்று சகோதரரிடம் சொல்ல அவனுக்கு வாய் வந்தது. அதுவும் வீட்டார் முழுவதும் கேட்கும்படி அழுத பிறகு. இடையில் இருந்த ஆண்டுகளில், சிறையில் கிடந்தவனிடம் போய் யாரும் அதைச் சொன்னதாக வேதம் எழுதவில்லை. விற்றுவிட்ட அண்ணன்மார் குழியருகே குனிந்து, கவலைப்படாதே தம்பி, இதெல்லாம் தேவதிட்டம் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நாம் சொன்னது அதற்கு வெகு தூரத்தில் இல்லை. வேலைக்கு இடம் கேட்டு நம் நிறுவனங்களின் வாசலுக்கு வந்த பெண்ணிடம் நன்கொடை எவ்வளவு தர முடியும் என்று கேட்டோம், அவளால் முடியவில்லை, தேவன் இதைவிடச் சிறந்ததை வைத்திருக்கிறார் என்று ஜெபித்து அனுப்பினோம்.

அந்தக் கதையில் இன்னொருவன் வருகிறான், பெயர் இல்லாதவன். சகோதரரைத் தேடி வயல்வெளியில் வழிதெரியாமல் திரிந்த யோசேப்பைச் சீகேமில் ஒரு மனிதன் கண்டு, அவர்கள் தோத்தானுக்குப் போனார்கள் என்று வழிகாட்டுகிறான். அவன் கண்ணில் படாமல் இருந்திருந்தால் யோசேப்பு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். குழி இல்லை, எகிப்து இல்லை. நாம் சாட்சி சொல்கிற தற்செயல்கள் எல்லாம் குழியிலிருந்து தப்பித்தவை. குழிக்கு வழிகாட்டினதும் ஒரு தற்செயல்தான் என்று வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால், ஞாயிறு பள்ளியில் பலவர்ண அங்கியிலிருந்து நேரே குழிக்குத் தாண்டிவிடுகிறோம்.

இனி ரூத். தேவநடத்துதலுக்கு நாம் அதிகம் எடுத்துச் சொல்கிற கதை இதுதான், நாம் அதிகமாகக் குறைத்துவிட்ட கதையும் இதுதான். மோவாபிய விதவை ஒருத்தி பெத்லெகேமில் கதிர் பொறுக்கப் போகிறாள். எந்த வயல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. கால் போன இடம் போவாசின் வயல். அவன் அவள் மாமனாரின் உறவுக்காரன். அங்கிருந்து கல்யாணம், ஓபேத், ஈசாய், தாவீது. கால் போன இடத்தைத் தேவன் நடத்தினார் என்று பிரசங்கம் முடிந்துவிடுகிறது. அந்த வயலில் பொறுக்குவதற்கு ஏன் கதிர் கிடந்தது என்று நாம் கேட்பதில்லை.

கிடந்ததற்குக் காரணம், நம் தட்டில் வைக்காத அந்தக் கட்டளை. லேவியராகமம் 19-இலும் 23-இலும் வருகிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் விரிவாகப் போய், வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பாதே, ஒலிவமரத்தை உதிர்த்தபின் கொப்புகளை மறுபடி தட்டாதே, திராட்சத்தோட்டத்தில் இரண்டாம் முறை பறிக்காதே என்ற பொருளில் சொல்கிறது. ரூத் கதிர் பொறுக்கினது நியாயாதிபதிகளின் காலம். அவனவன் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்த காலம். எல்லா வயலும் அப்படி இருக்கவில்லை. வேறு வயலுக்குப் போனால் உனக்குத் தீங்கு நேரலாம், போவாசின் வேலைக்காரிகளோடேயே இரு என்று நகோமி மருமகளிடம் சொல்கிறாள். வேலைக்காரர் அவளைத் தொடக் கூடாது என்று போவாஸ் தனியே உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் மற்ற வயல்களில் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். அதோடு நிற்கவில்லை அவன். அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றை உருவிப் போட்டுவிடச் சொன்னான். ரூத்துக்கு அது தெரியாது. அன்று மாலை தட்டி எடுத்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை தேறியதை அவள் தன் அதிர்ஷ்டம் என்றோ, தேவகிருபை என்றோ நினைத்திருப்பாள். அவள் கண்ணுக்குத் தற்செயலாகச் சிந்திக் கிடந்த கதிர், ஒருவன் சொல்லிப் போட வைத்த கதிர்.

தேவன் ரூத்தின் காலை நடத்தினார். போவாசின் அரிவாளையும் அவர்தான் ஓரத்தில் நிறுத்தினார். நாம் முதல் பாதியை மட்டும் விசுவாசித்தோம். எந்த வயலுக்கு நம் கால் போகும் என்று ஆண்டுதோறும் அட்டை எடுத்துப் பார்த்தோம். நம் வயலுக்கு யார் கால் வரும், வந்தால் அங்கே என்ன கிடக்கும் என்று பார்க்கவில்லை. அறுப்பின் பண்டிகையில் நம்மிடம் குறை சொல்ல முடியாது. வாழைத்தாரும் பூசணிக்காயும் ஆலயத்தில் குவியும். ஏலத்தில் ஒரு முட்டை ஆயிரங்களுக்குப் போகும். எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வரும். களத்துக்கு வந்ததிலிருந்து முதற்பலன் கொடுத்தோம். களத்துக்கே வராமல் வயலில் விட வேண்டியது என்று ஒன்று இருந்ததை மறந்துவிட்டோம். அதற்கு ரசீது கிடையாது, பெயரும் வராது. பொறுக்குகிறவள் நமக்கு நன்றி சொல்லக்கூட மாட்டாள்.

நம் ஊர்களே அப்படிப்பட்ட ஓரங்களில் முளைத்தவை. திருநெல்வேலிச் சீமையில், விசுவாசத்தினால் விரட்டப்பட்டவர்கள் ஒதுங்குவதற்கென்று நிலம் வாங்கி 1799-இல் உண்டாக்கினதுதான் முதலூர். பிறகு ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830 வாக்கில், இப்படி நிலம் வாங்கிக் கொடுக்கவே தர்ம சங்கம் ஏற்பட்டது. அடி வாங்கிக்கொண்டு ஓடின நம் பாட்டன்மார் கால்போன போக்கில் போனார்கள். போன இடத்தில் அவர்களுக்கென்று ஒருவர் நிலம் வாங்கி வைத்திருந்தார். அதைத் தேவபராமரிப்பு என்று ஊரின் நூற்றாண்டு மலர்களில் எழுதுகிறோம், சரிதான். அந்தப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்கிற கேள்வி என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

மோவாபியர்கள் இப்போதும் வருகிறார்கள். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஞாயிறு காலையில் ஆலயத்தின் கடைசி பெஞ்சைக் கவனித்திருப்பீர்கள். ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்த பிள்ளைகள். அவர்களில் பலர் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். 1845-இல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனெரிகளின் வழிவந்த லுத்தரன் சபையார் அவர்களில் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. சிலுவையைப் பார்த்து உள்ளே வந்தார்கள். பாட்டு புரியவில்லை, ராகம் சில தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். நாம் திரும்பிப் பார்த்தோம்; செருப்பு பத்திரமா என்றும் பார்த்தோம். வடக்கே ஊழியம் செய்ய மாதந்தோறும் காணிக்கை அனுப்புகிறவர்கள் நாம். ஊழியரின் குடும்பப்படம் நம் ஜெப அறையில் ஒட்டியிருக்கிறது. அந்த வடக்கு தானாகவே டிக்கெட் எடுத்து வந்து நம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது, பெயர் என்ன என்று கேட்க நம்மிடம் இரண்டு இந்திச் சொல் இல்லை. தெலுங்கிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் பாட்டு இறக்குமதி செய்யத் தெரிந்த சபைக்கு இது ஒரு சாக்கா?

நல்ல சமாரியன் உவமையில் அந்த ஆசாரியன் எரிகோ வழியே தற்செயலாக வந்தான் என்றுதான் இயேசு சொல்கிறார். இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அடிபட்டவனைத் தேடி அவன் வரவில்லை. தேவன் அவன் வழியில் ஓர் ஆளைக் கிடத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம். தற்செயல் முதலில் போனது ஆசாரியனிடம், பிறகு லேவியனிடம். அவர்கள் விலகிப் போனார்கள். நம்மிடம் வந்த தற்செயல்களின் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. நாலுவழிச் சாலையில் விழுந்து கிடந்தவரைத் தாண்டி ஆராதனைக்கு நேரமாயிற்று என்று போன கார்களின் பின்கண்ணாடியில் வசனம் இருந்தது. போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்று ஒரு காலத்தில் காரணம் சொன்னோம். 2016-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி செய்துவிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் உதவுகிறவர் மேல் வழக்கு வராது, விருப்பமில்லாமல் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்ற பாதுகாப்பைத் தருகிறது. நாடாளுமன்றம் அந்த உதவியாளருக்கு வைத்த பெயர் நல்ல சமாரியன். நம் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்து நாட்டுக்கே சட்டம் வந்துவிட்டது. நம் ஆராதனை நேரம் மட்டும் மாறவில்லை.

மிஷனெரி ஞாயிறுகளில் ஐடா ஸ்கடர் கதை சொல்லப்படாமல் இருக்காது. 1890-இல் தாயின் உடல்நலம் குறைந்ததால் திண்டிவனத்துக்கு வந்திருந்த இளம்பெண். மிஷனெரியாகும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்தார்கள், ஒவ்வொருவர் மனைவியும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரான அவர் தகப்பன் வரத் தயார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். மூன்று தட்டல்கள், ஒரு அழைப்பு என்று நாம் கண் பனிக்கச் சொல்கிறோம், வாலிபர்கள் கை உயர்த்துகிறார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பது கதையில் அவசரமாகப் போய்விடுகிறது. அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி, கார்னெலில் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது 1902. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918. ஓர் இரவின் தற்செயலுக்குப் பதில் சொல்ல 28 வருஷம் ஆயிற்று. இன்னொரு ராத்திரி இன்னொருவன் வந்து தட்டினால் அனுப்புவதற்குப் பெண் மருத்துவர் இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்ட வருஷங்கள் அவை. நாமோ அழைப்பில் மயங்கி நின்றுவிட்டோம். செத்துப்போன மூன்று பெண்களையும் ஒரு பெரிய ஊழியம் பிறப்பதற்கு ஏற்பட்ட படிக்கட்டாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மூன்று வீட்டிலும் அன்று யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. நம் வாசலில் நடுராத்திரி தட்டல் கேட்டால் இன்றைக்கு நாம் முதலில் பார்ப்பது கேமரா திரையை.

பொதுப் பாவ அறிக்கையில், செய்ததற்காக மட்டும் அல்லாமல் செய்யாமல் விட்டதற்காகவும் ஞாயிறுதோறும் மன்னிப்புக் கேட்கிறோம். எதைச் செய்யாமல் விட்டோம் என்று பெயர் சொல்வதில்லை. சொல்ல இடைவெளியும் இல்லை. மூச்சு வாங்குவதற்குள் போதகர் பாவமன்னிப்பைக் கூறிவிடுகிறார். அதன் வல்லமையை நாம் சந்தேகிக்கவில்லை. யோசேப்பின் சகோதரரும் தேவனிடம் மட்டும் கேட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். தகப்பன் இறந்தபின் பயந்து, முதலில் ஆள் அனுப்பினார்கள், பிறகு தாங்களே போய் அவன் முன்னே விழுந்தார்கள். தேவன் நன்மையாக முடித்தார் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் யோசேப்பின் வாயிலிருந்து வந்தது.

நாம் போக வேண்டிய வீடுகள் எவை என்று தெரியாமல் இல்லை. பஸ்ஸைத் தவறவிடாதவருடைய வீடு, கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தெரு, நன்கொடை கேட்டுத் திருப்பி அனுப்பின பெண்ணின் வீடு, கட்டட வேலை நடக்கும் இடத்தின் தகரக் கொட்டகை. போவதைப் பற்றிச் சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. யாரும் மறுக்கவில்லை. அறுப்பின் பண்டிகை கழியட்டும் என்று தீர்மானமாகியிருக்கிறது.